எங்கள் குளமும் வெங்காயத்தாமரையும்



மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தா என்று கூட்டமைப்புத் தலைவி அக்கா கேட்டபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கோயில் வரலாறு, குற்றாலத்து அருவி வரலாறு எல்லாம் எழுத நம்மில் படித்தவர்கள் இருக்கிறார்கள். நான் பத்தாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்தது எங்கள் குளம். அப்புறம் அதை மூடிய செடி. "செடிக்கெல்லாம் என்ன வரலாறு?" என்று எங்க வீட்டுக்காரர் சிரித்தார். நானும் முன்பு அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கடையநல்லூருக்கு மேற்கே கருப்பாநதி அணை இருப்பது உங்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வந்து நிரம்பும் குளங்களில் எங்கள் ஊர்க் குளமும் ஒன்று. காருக்கும் பிசானத்துக்கும் அதுதான் ஆதாரம். மாடு குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் அங்கேதான். 2021-இல் அந்தக் குளத்தின் மீன்பாசி ஏலத்தை எங்கள் குழு எடுத்தது. ஆம்பிளைகள் எடுக்கிற ஏலத்தைப் பொம்பிளைகள் எடுத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. 12 பேர் சேர்ந்து குழுவில் உள்கடன் போட்டு, குஞ்சு வாங்கி விட்டோம்.

அந்த ஐப்பசி மழையில் எங்கிருந்தோ பத்திருபது செடி மிதந்து வந்தது. ஊதாப் பூ. பார்க்க அவ்வளவு அழகு. என் மகள் ஒன்றைப் பிடுங்கி வந்து வீட்டு வாளியில் கூடப் போட்டு வைத்தாள். தை பிறக்கும்போது குளத்தில் பாதி இல்லை. பங்குனியில் தண்ணீரே கண்ணுக்குத் தெரியவில்லை, கரையிலிருந்து பார்த்தால் வயல் மாதிரி இருந்தது. வலை வீச இடமில்லை. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், வெயில் ஏறுவதற்குள் செத்து மிதக்கும். கடனை மட்டும் 12 பேரும் கையிலிருந்து கட்டினோம். ஒருத்தி கம்மலை அடகு வைத்துக் கட்டினாள். அந்தக் கம்மல் இன்னும் திரும்பவில்லை, அதனால்தான் இந்த விஷயத்தை நான் விட மாட்டேன் என்கிறேன்.

மறு வருஷம் நாங்களே இறங்கினோம். காலையில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினால் மத்தியானம் வரை இழுப்பு. ஒரு செடியை இழுத்தால் பத்துச் செடி கோர்த்துக்கொண்டு வரும். அதன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர்தான், அதனால் ஈரச் சாக்குப் போலக் கனக்கும். அரிப்பு, அட்டைக் கடி. இழுத்ததையெல்லாம் கரையிலேயே குவித்து வைத்தோம். அங்கேதான் தப்புச் செய்தோம். அடுத்த மழையில் பாதி மறுபடி குளத்துக்குள்ளேயே போய்விட்டது. போகாமல் இருந்தாலும் ஒன்றும் பெரிதாக மாறியிருக்காது. இதன் விதை சேற்றுக்குள் பதினைந்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்குமாம். இரண்டு வாரத்தில் செடி இரட்டிப்பாகிவிடும். நம் கடன் வட்டி கூட அப்படி ஏறாது.

அப்போதுதான் ஒருவர் வந்து, மருந்து அடித்தால் ஒரே வாரத்தில் காய்ந்துவிடும், ஆளுக்கு இவ்வளவு போடுங்கள் என்றார். கையும் காலும் புண்ணாகிக் கிடந்த எங்களுக்கு அது நல்லதாகவே பட்டது. "குளத்தில் உள்ள ஆகாயத்தாமரையை மருந்தடித்து அகற்றுவது" என்று தீர்மான நோட்டில் எழுதிவிட்டோம். எழுதியது நான்தான்.

அந்த வாரம்தான் அந்தப் பிள்ளை வந்தாள். நீரில் பரவுகிற அயல் செடிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராய்ச்சி செய்து பிஎச்.டி. படிப்பதாகச் சொன்னாள். தோளில் ஒரு பை, கையில் பிவிசி பைப்பில் செய்த ஒரு சதுரம். அந்தச் சதுரத்தைச் செடி மேல் போட்டு, அதற்குள் எத்தனை செடி, ஒரு செடிக்கு எத்தனை இலை என்று எண்ணி எழுதுவாள். ஊரில் இருந்தவர்கள் சிரித்தார்கள். இவ்வளவு படித்துவிட்டு இலை எண்ணவா வந்தாய் என்று ஒரு மாமா கேட்டே விட்டார். ஊரில் உள்ள பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி இரண்டு குழந்தை இருக்கும் வயசு அவளுக்கு. அவள் வீட்டிலும் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது என்று பின்னால் சொன்னாள். முதல் பஸ்ஸில் வந்து கடைசிப் பஸ்ஸில் போவாள், மத்தியானம் எங்கள் வீட்டில் கஞ்சி குடிப்பாள்.

எங்கள் தீர்மானத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் மருந்தைப் பற்றி முதலில் ஒன்றும் கேட்கவில்லை. "அக்கா, இதில் ஆகாயத்தாமரை என்று எழுதியிருக்கிறீர்களே, எந்தச் செடி?" என்று கேட்டாள். திண்ணையில் இருந்த எங்க வீட்டு ஆச்சி, அவருக்கு எண்பது வயசு, உடனே சத்தம் போட்டார்: "நானும் அன்னைக்கே கேட்டேன்லா. ஆகாயத்தாமரை மருந்துச் செடி. மூலத்துக்கு வைத்தியர் கேட்டு வாங்கிட்டுப் போவாரு. அதைப் போயி விஷம் வச்சுக் கொல்லணுங்கீகளே!"

ஆச்சி சொன்னது சரி. பழைய வைத்தியத்தில் ஆகாயத்தாமரை என்பது வேறு செடி. முட்டைக்கோஸ் குட்டி மாதிரி, காம்பே இல்லாமல், வெல்வெட் துணி போன்ற இலையோடு மிதக்கும். பூ இருப்பதே தெரியாது. எங்கள் குளத்தை மூடியது, காம்பு வெங்காயம் போல ஊதியிருக்கிற, ஊதாப் பூப் பூக்கிற வெங்காயத்தாமரை. பத்திரிகையில் இதையும் ஆகாயத்தாமரை என்றே எழுதுகிறார்கள், நாங்களும் அப்படியே எழுதிவிட்டோம். எதுவானால் என்ன, குளத்தை மூடினால் சரி என்று நான் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, பேரை மாற்றிச் சொன்னதால் உலகத்தில் எத்தனை வருஷம் வீணாய்ப் போனது என்று ஒரு கதை சொன்னாள். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல நினைத்ததே அந்தக் கதைதான்.

கேரளாவுக்கு வேலைக்குப் போன நம் ஊர்க்காரர்களைக் கேட்டால் 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று ஒன்றைச் சொல்வார்கள். சல்வீனியா என்று பெயர். பூக்காது, விதை கிடையாது, பெரணி இனம். ஒரு துண்டு ஒடிந்து விழுந்தால் போதும், பெருகிவிடும். கேரளாவில் 1955-இல் திருவனந்தபுரம் வேளிக் காயலில் முதலில் கண்டார்கள். பத்து வருஷத்துக்குள் பெரிய தொல்லையாகி, குட்டநாட்டு வாய்க்காலில் வள்ளம் போக முடியாமல், வயலில் நாற்று நட முடியாமல் செய்துவிட்டது. இலங்கைக்கு இன்னும் முன்னாலேயே, 1939-இல், கொழும்பில் கல்லூரிப் பாடத்துக்காகக் கொண்டுவந்தார்களாம். பாடம் படிக்க வந்த செடி வயலுக்குப் போய்விட்டது. அங்கே மருந்தும் அடித்துப் பார்த்தார்கள், தீரவில்லை. ஆப்பிரிக்காவில் கரிபா என்று ஒரு பெரிய அணை. அங்கே கடல் போலக் கிடந்த தண்ணீரையே மூடியது.

இந்தச் செடி பிறந்த ஊரில் மட்டும் ஏன் இப்படிப் பரவவில்லை? அங்கே அதைத் தின்ன ஏதோ ஒரு பூச்சி இருக்க வேண்டும். அந்தப் பூச்சியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தால் தீர்ந்தது என்று ஆராய்ச்சியாளர்கள் நினைத்தார்கள். நினைத்தது சரிதான். ஆனால் எல்லாரும் இதைத் தென் அமெரிக்காவில் உள்ள இன்னொரு சல்வீனியா என்று எண்ணி, அந்தச் செடியிலிருந்து பூச்சியைப் பிடித்து வந்தார்கள். ஒரு வண்டு, ஒரு வெட்டுக்கிளி. 1970-களில் ஆப்பிரிக்காவில், பிஜித் தீவில் விட்டார்கள். வெட்டுக்கிளியைக் கேரளாவிலும் விட்டார்கள். அவை அங்கே உயிரோடு இருந்தன, ஆனால் செடி குறையவில்லை. பூச்சி முறையே உதவாது என்று பலருக்கும் தோன்றியிருக்கும்.

1972-இல் டேவிட் மிட்செல் என்பவர், கரிபா அணைச் செடியை வருஷக்கணக்கில் பார்த்தவர், இது வேறு இனம் என்று எழுதி அதற்குத் தனிப் பெயர் வைத்தார். லத்தீனில் 'தொல்லை தருவது' என்று பொருள் வருகிற பெயர். அப்படியானால் இதன் சொந்த ஊர் எது? அதைத் தேடி ஆஸ்திரேலியாவிலிருந்து போனவர்களில் வெண்டி ஃபோர்னோ என்ற பெண்ணும் ஒருவர். 1978-இல் பிரேசில் நாட்டின் தென்கிழக்கில் அது இயற்கையாக வளர்வதைக் கண்டார்கள். அந்தச் செடி மேல் ஒரு வண்டு இருந்தது. எள்ளை விடச் சிறியது, இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். பார்வைக்கு முதலில் விட்ட வண்டு மாதிரியே இருந்ததால் அதுதான் இது என்றே நினைத்தார்கள். 1980-இல் ஆஸ்திரேலியாவில் மூண்டாரா என்ற ஏரியில் விட்டார்கள். ஏறக்குறைய 500 ஏக்கர் மூடிக் கிடந்த செடி, ஒன்றேகால் வருஷத்தில் இல்லாமல் போனது! அப்புறம்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், வண்டும் வேறு இனம். செடியின் பெயரும் தப்பு, வண்டின் பெயரும் தப்பு. இந்த வேலைக்காக அந்த ஆஸ்திரேலியக் குழுவுக்கு 1985-இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசு கொடுத்தது.

அந்த வண்டு 1982-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து பெங்களூருக்கு வந்தது. அங்கே ஓர் அல்லிக் குளத்தில் விட்டபோது 11 மாதத்தில் சல்வீனியா போய், அமுங்கிக் கிடந்த அல்லி மறுபடி தலைதூக்கியதாம். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தார் அதைத் தங்கள் பக்கம் வளர்த்து விட்டார்கள். அதுவரை வயலில் பாயலை அள்ளுவதற்கே ஒரு ஹெக்டேருக்கு 235 ரூபாய் கூலி ஆகியிருக்கிறது, அந்தக் காலத்து 235. சில வருஷத்தில் அந்தச் செலவு விழுந்துவிட்டது. இலங்கையில் 1986-இல் விட்டார்கள். மூன்று வருஷம் கழித்துக் கணக்குப் பார்த்து, ஒரு ரூபாய் செலவுக்கு 53 ரூபாய் ஆதாயம் என்று சொன்னார்கள். இந்தக் கணக்கை நான் குழுக் கூட்டத்தில் சொன்னபோது, எந்த வங்கியில் இப்படித் தருவார்கள் என்று எங்கள் பொருளாளர் கேட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பப்புவா நியூ கினி என்ற நாட்டில் நடந்தது. செபிக் என்று ஒரு ஆறு. அங்கே படகுதான் எல்லாம். சல்வீனியா மூடியதால் மீன் பிடிக்கப் போக முடியவில்லை, சந்தைக்குப் போக முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கும் போக முடியவில்லை. சரியான வண்டைக் கொண்டுபோய் விட்டும் சில இடத்தில் அது பெருகவில்லை. ஏன் என்று பார்த்தால் செடியில் சத்து இல்லை. தண்ணீரில் தழைச்சத்துக் குறைவு. என்ன செய்தார்கள் தெரியுமா? செடிக்கு யூரியா போட்டார்கள்! ஒழிக்க வேண்டிய செடிக்கு உரம். செடி செழித்தது, அதைத் தின்று வண்டு பெருகியது, அப்புறம் வண்டு செடியை முடித்தது. வண்டு பிடித்த செடியை மூட்டையில் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

இனி நம் வெங்காயத்தாமரைக்கு வருகிறேன். இதுவும் அமேசான் பக்கத்துச் செடி. அழகுக்காகத்தான் எல்லா நாட்டுக்கும் போயிருக்கிறது, என் மகள் வாளிக்குள் போட்ட மாதிரி. சுமார் 1896 வாக்கில் வங்காளத்துக்கு வந்தது. அங்கே ஆறும் வாய்க்காலும் நெல் வயலும் அடைபட்டன. 1936-இல் இதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள், தன் நிலத்தில் இதை வைத்திருக்கக் கூடாது என்று. 1937 தேர்தலில் கட்சிகள் எல்லாம் இதை ஒழிப்போம் என்று வாக்குறுதி கொடுத்தன. இலங்கையில் 1909-லேயே சட்டம் இருந்தது. அமெரிக்காவில் 1910-இல் லூசியானாவைச் சேர்ந்த ஓர் எம்.பி., ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானையைக் கொண்டுவந்து விட்டால் இதைத் தின்னும், நமக்கும் இறைச்சி கிடைக்கும் என்று மசோதாவே கொண்டுவந்தார். நல்ல வேளை, நிறைவேறவில்லை.

சட்டமும் தேர்தலும் முடிக்காததைப் பார்க்கவும் வண்டுதான் வந்தது. பச்சைப்பயறு அளவு இருக்கும். அர்ஜென்டினாவில் கண்டெடுத்து, 1972-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விட்டார்கள். அங்கிருந்து 1982-இல் பெங்களூருக்கு. உடனே குளத்தில் கொட்டிவிடவில்லை. அடைத்து வைத்து, நம்ம ஊர்ப் பயிர்களில் எதையாவது தின்னுமா என்று ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்த பிறகே வெளியே விட்டார்கள். ஹெப்பால் ஏரியில் 1984-இல் விட்டது 1987-இல் பலன் தந்தது. ஆப்பிரிக்காவில் விக்டோரியா ஏரிக்கரை மீனவர்களும் இதே வண்டை வளர்த்து விட்டு 1998 வாக்கில் நன்றாகவே பலன் கண்டார்கள்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்போ எங்க குளத்துக்கும் நாலு வண்டு கொண்டாந்து விடும்மா" என்றேன். அவள் என்னைக் குளத்துக்குக் கூட்டிப்போய், ஓர் இலையைத் திருப்பிக் காட்டினாள். இலை மேல் சின்னச் சின்னதாக, நகத்தால் சுரண்டியது போலத் தழும்பு. "வண்டு ஏற்கெனவே இருக்கு அக்கா. எப்பவோ பரவி வந்திருக்கு. நீங்கதான் பார்க்கலை." இரண்டு வருஷம் அந்தச் செடிக்குள் இடுப்பளவு நின்றவள் நான். ஒரு தழும்பைக் கூடக் கண்டதில்லை.

வண்டு இருந்தும் ஏன் செடி குறையவில்லை என்பதுதான் அவள் ஆராய்ச்சி. அவள் சொன்ன காரணத்தில் ஒன்று எங்களுக்கே தெரிந்தது. வீட்டுச் சாக்கடை எல்லாம் குளத்தில் சேருகிறது. வண்டு ஓர் இலையைத் தின்பதற்குள் செடி இரண்டு இலை விடுகிறது. செபிக் ஆற்றில் சத்துக் குறைவு, நம்மிடம் சத்து மிச்சம். இன்னொரு காரணம் கேட்டுத்தான் எனக்குத் திக்கென்றது. நாங்கள் மாங்கு மாங்கென்று பிடுங்கிக் கரையில் போட்டோமே, வண்டின் புழு அந்தக் காம்புக்குள்தான் இருக்கும். காம்பு காய்ந்தால் புழுவும் சாகும். சேற்றில் இருந்த விதை முளைத்தது, அதைத் தின்ன வண்டு இல்லை. மருந்து அடித்திருந்தாலும் அதே கதிதான். அதோடு அத்தனை செடியும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் அழுகினால் மீனுக்கு மூச்சே இருக்காது. குளத்தில் தண்ணீர் குடிக்கிற மாட்டையும் யோசிக்க வேண்டும் என்றாள்.

தீர்மானத்தை மாற்றி எழுதினோம். ஆகாயத்தாமரை என்பதை அடித்து வெங்காயத்தாமரை என்று எழுதினேன். மருந்து என்ற சொல்லையும் அடித்தாயிற்று. மருந்துக்காரருக்கு முன்பணம் கொடுத்த இரண்டு பேருக்கு என் மேல் இன்னும் வருத்தம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பிள்ளை படிப்பை எழுதி முடிக்க ஊருக்குப் போய்விட்டாள். பைப் சதுரத்தை எங்களிடமே விட்டுவிட்டாள். மாதம் ஒரு தடவை, குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள், நானும் கம்மல் அடகு வைத்தவளும் மடைப் பக்கம் மூன்று இடம், மறுகால் பக்கம் மூன்று இடம் சதுரத்தைப் போட்டு எண்ணுகிறோம். செடி எத்தனை, தழும்பு உள்ள இலை எத்தனை. சேமிப்பு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் அந்தக் கணக்கு இருக்கிறது. மாதாமாதம் போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புகிறோம். மடைப் பக்கம் பிடுங்குகிறோம், பிடுங்கியதைக் கரையில் வைக்காமல் தள்ளிக் கொண்டுபோய் மாட்டுச் சாணத்தோடு மக்க விடுகிறோம். போன மாதம் மறுகால் பக்கத்தில் பத்து இலைக்கு ஏழு இலையில் தழும்பு. இலையும் முன்பு மாதிரி இடுப்பளவு நிற்கவில்லை, முழங்கால் அளவுதான்.

மீன்பாசி ஏலம் மறுபடி வருகிறது. அதற்கு முன் இயந்திரம் வைத்து முழுக்க அள்ளிவிடலாம், அதன் பிறகு ஏலம் எடுக்கலாம் என்பது குழுவில் பாதிப் பேர் எண்ணம். கடன் கட்டிய வலி அவர்களுக்கு, தப்பென்று சொல்ல மாட்டேன். அள்ளட்டும், ஆனால் மறுகால் மூலையில் ஒரு துண்டு மட்டும் வண்டுக்காக விட்டு வைக்க வேண்டும் என்று நானும் இன்னும் ஐந்து பேரும் சொல்கிறோம். அந்த மூலைக்கு மூங்கில் கட்டி, செடி வெளியே வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் நாங்களே எடுத்துக்கொள்கிறோம். ஆச்சி எங்கள் பக்கம். வருகிற கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்வதாக இருக்கிறது, நோட்டை நான் கொண்டுபோகிறேன்.